போர்வை ஏறி இறங்கும் கணக்கு

காலை ஏழரை மணி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் என்று வைத்துக்கொள்வோம். எண்பத்தாறு வயது மூதாட்டியின் அறைக்குள், சாப்பிட்ட தட்டை எடுத்துப்போக உதவியாளர் வருகிறார். ஓட்ஸ் கஞ்சி தொடப்படாமல் ஆடை கட்டிக் கிடக்கிறது. மூதாட்டிக்குக் காய்ச்சல் இல்லை. இருமலும் இல்லை. எங்காவது வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையசைக்கிறார். ஆனால் நேற்று வரை தன் கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டவர், இன்று கரண்டியைத் தொடவே இல்லை.

உதவியாளர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கைக்கடிகாரத்தின் விநாடி முள் ஒரு பக்கம், மூதாட்டியின் மார்பின்மேல் கிடக்கும் போர்வை மறுபக்கம். போர்வை ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. விநாடி முள் ஒரு சுற்று முடிக்கும்போது எண்ணிக்கை 28.

எக்ஸ்-ரே எடுக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த 28 என்ற எண், மூதாட்டியின் நுரையீரலில் நடப்பதைப் பற்றியும் அடுத்த முப்பது நாள் எப்படிப் போகும் என்பதைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சைக் கணக்காக மாற்ற முடியுமா என்று மருத்துவர்கள் பல ஆண்டுகள் முயன்றார்கள். அவர்கள் கண்டுபிடித்தது, நிமோனியாவைப் பற்றியதைவிட முதுமையைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை உள்ள சின்னத் தனியார் மருத்துவமனை. பிரசவத்துக்கோ குடல்வால் அறுவைக்கோ போய், சில நாளில் வீடு திரும்பும் இடம். அமெரிக்காவில் அதே பெயரில் இருப்பது வேறு. தானாக எழுந்து நடக்கவோ குளிக்கவோ முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாழும் இல்லம் அது. அங்கே இப்படி ஏறத்தாழ 15,000 இல்லங்களில் 12 லட்சம் பேர் வாழ்கிறார்கள். செவிலியரும் உதவியாளர்களும் இரவு பகலாக இருப்பார்கள். டாக்டர் பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில்தான் இருப்பார். அதனால் ஒருவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் உடனே எழும் கேள்வி: ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, இங்கேயே மருந்து கொடுத்துப் பார்ப்பதா?

ஆம்புலன்ஸ்தான் பத்திரம் என்று தோன்றும். ஆனால் எண்பத்தாறு வயதில் பழகிய கட்டிலை விட்டு, தெரியாத முகங்களுக்கும் அணையாத விளக்குகளுக்கும் நடுவே ஒரு வாரம் படுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. சித்தம் குழம்பும், படுக்கைப்புண் வரும், கால் தசை கரையும். நிமோனியா குணமாகி, நடை போய்த் திரும்பியவர்கள் பலர். ஆகவே யார் கடுமையான ஆபத்தில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று முன்கூட்டிச் சொல்வது அவர்களுடைய மீதி வாழ்க்கையையே மாற்றக்கூடிய விஷயம்.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது? மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் 30 முதல் 50 கோடி நுண்ணறைகளில் முடிகிறது. நுண்ணறை என்பது காற்று நிரம்பும் ஒரு மிகச் சிறிய பை. அத்தனை பைகளையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 750 சதுர அடி வரும். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போதுமான தரை அது, மார்புக்கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நுண்ணறையின் சுவர் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சுவருக்கு அப்பால் ஓடும் ரத்தம் முக்கால் விநாடிதான் அங்கே நிற்கிறது. அதற்குள் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

நிமோனியா என்பது இந்தப் பைகளில் சில சீழும் நீரும் நிறைந்து போவது. கிருமி பெரும்பாலும் தொண்டையிலிருந்து வருகிறது. தூக்கத்தில் எச்சில் துளிகள் மூச்சுக்குழாய்க்குள் கசிவது நலமாக இருப்பவர்களிலும் சாதாரணமாக நடப்பதுதான். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் துடைப்பம் போலக் கூட்டி மேலே தள்ளுகின்றன. மீதியை இருமல் பார்த்துக்கொள்கிறது. வயது ஏற ஏறத் துடைப்பமும் சோர்கிறது, இருமலும் சோர்கிறது. பக்கவாதமோ மறதிநோயோ இருந்தால் விழுங்கும் தசைகளின் ஒழுங்கும் குலைகிறது.

இங்கே முதுமை ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது. நோய் வந்ததை மறைத்துவிடுகிறது. இளைஞனுக்கு நிமோனியா வந்தால் 103 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், நெஞ்சு வலி என்று ஊரைக் கூட்டும். இல்லத்தில் வாழும் முதியவர்களின் இயல்பான உடல் வெப்பமே நம்முடையதைவிடக் குறைவு. 97 டிகிரியிலிருந்து இரண்டு டிகிரி ஏறினாலும் தெர்மாமீட்டர் 99 என்றுதான் காட்டும், பார்ப்பவர் காய்ச்சல் இல்லை என்று உதறி வைத்துவிடுவார். அதனால்தான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2008 வழிகாட்டுதல், இல்லவாசிகளுக்கென்று காய்ச்சலின் இலக்கணத்தையே மாற்றி எழுதியது. ஒருமுறை 100-ஐத் தாண்டினாலும் காய்ச்சல், திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினாலும் காய்ச்சல், அவரவர் வழக்கமான வெப்பத்துக்கு மேல் 2 டிகிரி ஏறினாலும் காய்ச்சல். கடைசி விதியைக் கவனியுங்கள். அதைப் பயன்படுத்த, அவருடைய வழக்கமான வெப்பம் என்ன என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்-ரேயும் கைகொடுக்கத் தயங்கும். கூன் விழுந்த முதுகு நிமிராது. "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றால் மறதிநோய் உள்ளவருக்குப் புரியாது. பழைய தழும்பும் இதய வீக்கமும் படத்தை மங்கலாக்கும். இவ்வளவு திரைகளுக்கும் நடுவே மறைக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது மூச்சின் வேகம்.

1982-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை வெளியானது. மருத்துவமனையில் இருந்த முதியவர்களின் மூச்சை அன்றாடம் எண்ணி வந்தவர்கள் எழுதியது. நலமான முதியவர் நிமிடத்துக்கு 16 முதல் 25 முறை மூச்சு விடுகிறார். 25-ஐத் தாண்டினால் நெஞ்சில் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். வியப்பு அடுத்ததில்தான் இருக்கிறது: சிலரிடம் மற்ற அறிகுறிகளை வைத்து நோயை உறுதி செய்வதற்கு மூன்று நான்கு நாள் முன்பே மூச்சு வேகமெடுத்துவிட்டது. கடிகாரம் தவிர வேறெந்தக் கருவியும் இல்லாமல் கிடைத்த செய்தி இது.

ஏன் மூச்சு முந்திக்கொள்கிறது? கழுத்தில் தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசியளவு ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி சுவைத்துப் பார்ப்பதே அதன் வேலை. சில நுண்ணறைகள் அடைபட்டதும் அது மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். நீர் கோத்த நுரையீரல் விறைத்துப் போவதால், ஆழ்ந்த மூச்சு இழுப்பது சிரமம். ஆகவே மூளை கணக்குப் போட்டு, சின்னச் சின்ன மூச்சாக, அடிக்கடி இழுக்கச் சொல்கிறது. ஈரத்துணி ஏற்றிய மிதிவண்டிக்காரர் மேட்டில் சின்னப் பற்சக்கரத்துக்கு மாறி வேகமாக மிதிப்பது போல. 28 என்றால் இரண்டு விநாடிக்கு ஒருமுறைக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் அந்த வேகத்தில் ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள், எவ்வளவு உழைப்பு என்று தெரியும். அந்த மூதாட்டி அதை இரவு முழுவதும் செய்திருக்கிறார்.

எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அவசரத்தில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவார்கள். ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறையும். 28 என்பது 24 ஆகிவிடும், எச்சரிக்கை மணி அடிக்காது. முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறேன் என்று சொல்லாமல் எண்ண வேண்டும். சொன்னால், எவருக்கும் மூச்சு தாளம் மாறிவிடும்.

இனி முன்கணிப்புக்கு வருவோம். மருத்துவமனைகளில் நிமோனியாவின் போக்கைக் கணிக்க ஏற்கெனவே ஒரு பெயர்பெற்ற அட்டவணை இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரின் மைக்கேல் ஃபைன் குழு 1997-இல் வெளியிட்ட நிமோனியா தீவிரக் குறியீடு. 14,199 நோயாளிகளின் தரவிலிருந்து வடித்து, வேறு 38,039 பேரிடம் சரிபார்த்தார்கள். இருபது அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மூச்சு 30-ஐத் தொட்டால் 20, சித்தம் குழம்பியிருந்தால் 20, நாடி 125-ஐத் தொட்டால் 10. வயதுக்கு, ஆண்டுக்கு ஒன்று. பெண்ணென்றால் அதில் பத்தைக் கழிக்க வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் வாழ்பவர் என்றால் பத்தைக் கூட்ட வேண்டும். மொத்தம் 90-ஐத் தாண்டினால் மருத்துவமனைதான்.

இப்போது 85 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லத்தில் வாழ்கிறார். 85-ம் 10-ம் 95. நோய் எவ்வளவு கடுமை என்று ஒரு கேள்விகூட இன்னும் கேட்கவில்லை, அதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டார்! ஐந்தடி வரை அளக்கும் கோலால் ஆறடிக்கு மேற்பட்டவர்களை மட்டும் அளப்பது போன்றது இது. எல்லோரும் கோலின் உச்சியில் நிற்பார்கள். ஒருவருக்கொருவர் என்ன வித்தியாசம் என்று கோல் சொல்லாது. 2003-இல் வந்த மற்றொரு புகழ்பெற்ற கணக்கான கர்ப்-65 ஐந்தே கேள்விகள் கொண்டது. அதிலும் 65 வயதானால் ஒரு மதிப்பெண், சித்தக் குழப்பத்துக்கு ஒன்று. இல்லத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் முதலாவது உண்டு. மறதிநோய் உள்ளவரிடம், இந்தக் குழப்பம் நேற்றும் இருந்ததா என்று தெரியாமல் இரண்டாவதைப் போடவே முடியாது.

ஆக, முதியோர் இல்லத்துக்கென்று தனிக் கோல் வேண்டும். மிசௌரி பல்கலைக்கழகத்தின் டேவிட் மெர் தலைமையில் ஒரு குழு அதைச் செய்யப் புறப்பட்டது. மாநிலத்தின் மையப் பகுதியிலும் செயின்ட் லூயிஸ் வட்டாரத்திலும் 36 இல்லங்கள். 1995 ஆகஸ்ட் முதல் 1998 செப்டம்பர் வரை மூன்று ஆண்டுகள். யாருக்காவது நெஞ்சுத் தொற்று போலத் தோன்றினால் செவிலியர் நேரில் போய்ப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டார். 1,044 பேரிடம் 1,406 தொற்றுகள் பதிவாயின. ஒவ்வொன்றையும் முப்பது நாள் பின்தொடர்ந்தார்கள். 207 பேர் இறந்தார்கள். நூறு தொற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து. மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் முதல் நாளிலேயே பிரித்துக் காட்டியிருக்கக் கூடியது எது?

2001-இல் விடை வெளியானது. எட்டு அம்சங்கள். ரத்தத்தில் யூரியா, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, அவற்றுள் லிம்போசைட் என்ற வகை 800-க்குக் கீழே போயிருப்பது, உயரத்துக்கேற்ற எடை, நாடித்துடிப்பு, அன்றாடக் காரியங்களைத் தானே செய்யும் திறன், ஆணா என்பது, கடந்த 90 நாளில் மனநிலை தாழ்ந்திருக்கிறதா என்பது.

இந்தப் பட்டியலை முதல் தடவை பார்த்தபோது, அதில் இல்லாதவைதான் என் கண்ணில் பட்டன. காய்ச்சல் இல்லை. மூச்சின் வேகம்கூட இல்லை. எக்ஸ்-ரேயில் தெரிந்த நிழல் இல்லை. வயதே இல்லை! எண்பதா தொண்ணூற்றைந்தா என்று கேட்காமலே இந்தக் கணக்கு வேலை செய்கிறது. அந்த வயதில் உடல் எப்படி இருக்கிறது என்பதை மற்ற அம்சங்கள் சொல்லிவிடுவதால், ஆண்டுக் கணக்குக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை.

இருப்பவை ஒவ்வொன்றும் உடலின் ஒரு மூலையிலிருந்து வரும் கடிதம். யூரியாவை எடுத்துக்கொள்வோம். புரதம் சிதையும்போது உண்டாகும் கழிவு அது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. முதியவருக்குத் தாகம் சரியாகத் தெரிவதில்லை. காய்ச்சலிலும் வேகமூச்சிலும் நீர் ஆவியாகப் போகிறது. குடிப்பது குறைகிறது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கப் பார்க்கையில் யூரியாவும் சேர்ந்து ரத்தத்துக்குத் திரும்புகிறது. இன்னொரு பக்கம், தொற்றோடு போராட உடல் தன் தசையையே எரிக்க, அதிலிருந்தும் யூரியா சேர்கிறது. நீர் வறட்சி, சிறுநீரகத்தின் சோர்வு, தசையின் இழப்பு மூன்றையும் ஒற்றை எண்ணில் சுருக்கிச் சொல்கிறது இந்தச் சோதனை. கட்டணமும் குறைவு.

லிம்போசைட் என்பது பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் படை. கடுகளவு ரத்தத்தில், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில், ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். 800-க்குக் கீழே போனால் உடல் கடும் நெருக்கடியில் இருக்கிறது, அல்லது நெடுநாளாகச் சத்துக் குறைவு என்று பொருள். எடையின் கதையும் அதுவே. இருமுவதற்குத் தசை வேண்டும், நிமிடத்துக்கு 28 மூச்சு இழுக்கவும் தசை வேண்டும். ஒல்லியானவரிடம் எரிக்க விறகு இல்லை.

அன்றாடத் திறன் என்பது இன்னும் எளிமை. தானே சாப்பிடுகிறாரா, உடுத்துகிறாரா, கழிவறைக்குப் போகிறாரா, இடம் விட்டு இடம் நகர்கிறாரா? இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒவ்வொரு நாளும் கரண்டி கொடுப்பவருக்கும் சட்டைப் பொத்தான் போட்டுவிடுபவருக்கும் விடை தெரியும். அவர்கள் தந்த விடை, யூரியாவுக்கும் வெள்ளணுவுக்கும் பக்கத்தில் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது.

மனநிலையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஒருவருடைய மனநிலை மூன்று மாதத்தில் தாழ்ந்ததா என்று எப்படித் தெரியும்? யாராவது மூன்று மாதம் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைத்திருந்தார்கள். 1986-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் பராமரிப்பு இல்லங்களின் அவலநிலை பற்றி ஓர் அறிக்கை தந்தது. 1987-இல் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு இல்லவாசியைப் பற்றியும் ஒரே மாதிரியான நீண்ட படிவத்தைக் குறித்த இடைவெளியில் நிரப்பியாக வேண்டும்: நடை, உணவு, நினைவு, அழுகை, கோபம், ஒதுங்கியிருத்தல் எல்லாம். முதியவர்களைக் கண்ணியமாகப் பராமரிக்கிறார்களா என்று பார்க்க வந்த படிவம் அது. உதவியாளர்கள் சொல்லச் சொல்லச் செவிலியர் கட்டம் கட்டமாக நிரப்பினார்கள். வருத்தமான முகம், பேச்சுக் குறைந்தது, சாப்பாட்டுக் கூடத்துக்கு வர மறுக்கிறார் என்று அவர்கள் கவனித்ததெல்லாம், சில ஆண்டு கழித்து, நிமோனியாவில் யார் பிழைப்பார் என்ற கணக்குக்குள் ஓர் உறுப்பாக நுழைந்தது. எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த எட்டையும் ஒன்றாகக் கோக்கும் கணிதம் நம் பள்ளிப் பாடத்தில் இருப்பதுதான். ஒவ்வொரு அம்சமும் ஆபத்தை இத்தனை மடங்கு பெருக்குகிறது என்று தரவு சொல்லும். ஒன்று ஒன்றரை மடங்கு, மற்றொன்று இரண்டு மடங்கு. படுக்கையருகே நின்று யாராலும் எட்டு எண்களைப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும் என்று படித்தோமே! பெருக்கும் எண்களின் மடக்கையை எடுத்து, தசமத்தை வெட்டி முழு எண்ணாக்கினால் அதுவே மதிப்பெண். செவிலியர் விரல்விட்டுக் கூட்டலாம். மதிப்பெண்ணைப் பார்த்து ஆபத்து எவ்வளவு என்று அட்டவணையில் படிக்கலாம்.

கணக்கு சரியா என்பதற்கு இரண்டு தேர்வு. முதலாவது, பிரித்தறியும் திறன். இறந்தவர் ஒருவர், பிழைத்தவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக எடுத்து, முதல் நாளில் யாருக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது என்று பார்ப்பது. காசு சுண்டிச் சொன்னால் நூற்றில் ஐம்பது சரியாக இருக்கும். மிசௌரிக் கணக்கு, அதை உருவாக்கிய தரவில் நூற்றில் எண்பத்திரண்டு ஜோடியைச் சரியாகச் சொன்னது. புதிய தரவில் சற்றுக் குறைந்தது. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அடுத்தவருக்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். இரண்டாவது, சொன்ன எண் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. நாளை மழைக்கு முப்பது சதவீத வாய்ப்பு என்று நூறு நாள் சொன்னால், அதில் ஏறத்தாழ முப்பது நாள் மழை பெய்திருக்க வேண்டும்.

இதிலிருந்து வெளிப்பட்டதைப் பாருங்கள். தொற்று வந்தவர்களில் பாதிக்கு மேல், 52 சதவீதம், மிகக் குறைந்த மதிப்பெண் வட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 2.2 மட்டுமே. இல்லத்து முதியவருக்கு நிமோனியா என்றால் கதை முடிந்தது என்று கைவிரித்த காலம் உண்டு. பாதிப் பேருக்கு அப்படி இல்லவே இல்லை.

இதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ரத்தப் பரிசோதனையே இல்லாமல் நான்கு கேள்வியில் முடிக்கப் பார்த்தார்கள். மூச்சு 30-க்கு மேலா, நாடி 125-க்கு மேலா, சித்தம் திடீரென மாறியிருக்கிறதா, மறதிநோய் முன்பே உண்டா? மூச்சுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண், மற்றவற்றுக்கு ஒன்று ஒன்று. அவ்வளவுதான். மிசௌரியின் நுட்பம் இதில் இல்லை. ஆனால் நள்ளிரவில் ஆய்வகம் மூடியிருக்கும்போதும் உதவும்.

இவ்வளவு சொன்ன பிறகு, கணிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொறியைக் காட்டாமல் விடக்கூடாது. 1990-களில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், நிமோனியா நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கணினி ஒரு விதியைக் கண்டுபிடித்தது: ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவில் இறக்கும் வாய்ப்பு குறைவு! ஏற்கெனவே மூச்சுத் திணறும் நோய் எப்படிப் பாதுகாக்கும்? தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் மருத்துவர்கள் பதறிப்போய், நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அந்தக் கவனிப்புதான் காப்பாற்றியது. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் முடிவு மட்டும். அதை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்! இந்தக் கதையைப் பின்னாளில் ரிச் கருவானா என்ற ஆய்வாளர் உலகறியச் செய்தார்.

முதியோர் இல்லத்தில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது. நெதர்லாந்தில் முதியோர் இல்ல மருத்துவம் தனிப் பட்டப்பிரிவு, மருத்துவர் இல்லத்திலேயே பணிபுரிகிறார். ஜென்னி வான் டெர் ஸ்டீன் குழுவினர் அங்கே 61 இல்லங்களில், மறதிநோயோடு நிமோனியாவும் வந்த 706 பேரைக் கவனித்தார்கள். நூற்றில் 23 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு பேசி, வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று முடிவெடுத்தார்கள். அப்படியானால் கணக்கில் பதிவாகும் மரணம் நோயின் கடுமையைச் சொல்கிறதா, எடுத்த முடிவைச் சொல்கிறதா? இந்தச் சிக்கல் இருந்தும், மறதிநோய் உள்ளவர்களின் மிசௌரித் தரவையும் மருத்துவ வழக்கம் அறவே வேறான நெதர்லாந்தின் தரவையும் ஒப்பிட்டபோது, பல அடையாளங்கள் இரண்டிலும் நின்றன. நாடி, மூச்சு, விழிப்புநிலை, போதிய நீர் குடிக்கிறாரா, ஊட்டிவிட வேண்டியிருக்கிறதா. கடலைத் தாண்டியும் கரண்டி அதே சேதியைத்தான் சொன்னது.

நவீன மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் ஆஸ்லர் 1892-இல் எழுதிய தம் பாடநூலில் நிமோனியாவை முதுமையின் பகைவன் என்றார். சில ஆண்டு கழித்து வந்த பதிப்பில் அதையே முதியவரின் நண்பன் என்று மாற்றினார். நெடுநாள் வதை இல்லாமல் கொண்டுபோகிறதே என்ற எண்ணம். 1919-இல் அவரும் நிமோனியாவின் பின்விளைவால்தான் இறந்தார். பகைவனா நண்பனா என்ற கேள்வியை பாஸ்டன் வட்டாரத்தில் சூசன் மிட்செல் குழு எண்களோடு அணுகியது. 22 இல்லங்களில், முற்றிய மறதிநோய் உள்ள 323 பேரை 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் நிமோனியா வர வாய்ப்பு 41 சதவீதம். வந்தால் ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தார்கள். ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள் கூடுதலாக, சராசரியாக 273 நாள் வாழ்ந்தார்கள். ஆனால் நிம்மதியை அளக்கும் அளவுகோலில் அவர்கள் பின்தங்கினார்கள். சிகிச்சை தீவிரமாக ஆக, சௌகரியம் குறைந்தது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே குடும்பத்தார் முன் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது பாதி உண்மை.

குறைந்த ஆபத்தில் இருப்பவர்களின் கதைக்குத் திரும்புவோம். பாதிப் பேருக்கு மருத்துவமனை தேவையில்லை என்று காகிதத்தில் சொல்வது எளிது, இல்லத்திலேயே வைத்துப் பார்க்கத் துணிவு வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாமில்டன் நகரை மையமாக வைத்து மார்க் லோப் குழு இதைச் சோதித்தது. 22 இல்லங்கள், 680 பேர். பாதி இல்லங்களில் வழக்கம்போல நடந்தது. மீதி இல்லங்களில் செவிலியர் ஐந்து கேள்வி கேட்டார். நாடி 100-க்குள் இருக்கிறதா? மூச்சு 30-க்குள் இருக்கிறதா? மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் குறையாமல் இருக்கிறதா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 92-க்குக் குறையாமல் இருக்கிறதா? அவரால் சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் நகர்த்த வேண்டாம். எக்ஸ்-ரே இயந்திரம் கட்டிலுக்கு வரும், மாத்திரை வாய்வழி, நீர் தேவையானால் தோலுக்கடியில். இல்லையென்றால் ஆம்புலன்ஸ்.

2006-இல் முடிவு வந்தது. வழக்கமான இல்லங்களில் நூற்றுக்கு 22 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஐந்து கேள்வி கேட்ட இல்லங்களில் 10 பேர். இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை: 9, 8. ஒருவருக்கு ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் செலவு மிச்சம்.

இனி நம் மூதாட்டியிடம் அந்த ஐந்தைக் கேட்டுப் பார்க்கலாம். நாடி 96. மூச்சு 28. அழுத்தம் 118. ஆக்சிஜன் 93. நான்கும் கோட்டுக்குள் இருக்கின்றன, மூச்சு நூலிழையில். ஐந்தாவதுதான் பாக்கி. உதவியாளர் தலையணையை உயர்த்தி அவரை நிமிர்த்தி உட்கார வைக்கிறார். கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து, கரண்டியில் பாதியளவு எடுத்து உதட்டருகே நீட்டுகிறார். மூதாட்டி வாய் திறக்கிறார், விழுங்குகிறார், புரை ஏறவில்லை. உதவியாளர் குறித்துக்கொள்கிறார். நான்கு மணி நேரம் கழித்து, மறுபடி ஒரு முழு நிமிடம் எண்ண வருவார்.